யார் சொன்ன சேதி?

2024 ஜூன் 19 காலை. கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் முந்தைய நாள் சாராயம் குடித்தவர்களில் சிலர் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று துடித்து இறந்திருந்தார்கள். சாராயத்தில்தான் ஏதோ கோளாறு என்ற பேச்சு தெருவில் அதற்குள் எழுந்துவிட்டது. அந்த நேரத்தில் மாவட்ட ஆட்சியர் கொடுத்த விளக்கம், இந்தச் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமல்ல என்ற பொருளில் அமைந்தது. சில மணி நேரத்தில் அந்த விளக்கம் பொய்த்தது. குடித்தது மெத்தனால் கலந்த சாராயம் என்பது உறுதியானது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அடுத்தடுத்த நாட்களில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பெண்களும் அவர்களில் உண்டு.

முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. அதிகாரியின் மறுப்பைக் கேட்டுப் பயம் தெளிந்து குடித்தவர்கள் உண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்தவர்கள் உண்டு என்பது அந்தப் பகுதி மக்களும் எதிர்க்கட்சிகளும் வைத்த குற்றச்சாட்டு. அதன் கனத்தை அறிய மெத்தனால் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது குடித்த உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் சேரச் சேரத்தான் பார்வை நரம்பு கெடுகிறது, மூச்சு வாங்குகிறது, நினைவு தவறுகிறது. குடித்தவர் அரை நாள், சில சமயம் ஒரு நாள் வரைகூட வெறும் போதை தெளியாத ஆள்போலவே திரியலாம். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் ஃபோமெபிசோல் என்ற முறிவு மருந்தும் டயாலிசிசும் பலரைக் காப்பாற்றும். ஆகவே அன்று காலை பத்து மணிக்குக் கருணாபுரத்தில் ஒருவர் காதில் விழுந்த வார்த்தை மருந்துக்குச் சமம். அவர் எந்த வார்த்தையை நம்பினார் என்பதில் அவர் உயிர் இருந்தது.

இதே மாவட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இதற்கு நேர் எதிராகத் தோன்றும். 2022 ஜூலை 13 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி இறந்தார். காவல்துறையும் பள்ளித் தரப்பும் சொன்ன எதையும் பெற்றோர் ஏற்கவில்லை. ஊரும் ஏற்கவில்லை. நான்கு நாள் கழித்து, ஜூலை 17 ஞாயிற்றுக்கிழமை, பல ஊர்களிலிருந்து திரண்ட கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் எரிந்தன, அங்கே படித்த மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. கூட்டத்தைத் திரட்டியதில் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் பெரும் பங்கு இருந்தது என்றது காவல்துறை. உயர் நீதிமன்றம் இரண்டாம் முறை உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்டது. ஜூலை 23 அன்றுதான் மாணவியின் அடக்கம் நடந்தது.

ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே மக்கள். 2022இல் அரசு சொன்னதைத் துளியும் நம்பவில்லை. 2024இல் அரசு சொன்னதைச் சிலராவது நம்பி உயிர் விட்டார்கள் என்கிறது அந்தக் குற்றச்சாட்டு. இதைப் பார்த்து 'மக்களுக்குப் பகுத்தறிவு இல்லை' என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவு சோம்பேறித்தனமானது. இரண்டு நிகழ்வுகளிலும் மக்கள் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தங்களுக்குத் தெரிந்த ஆள் பக்கம் நின்றார்கள். கனியாமூரில் தெரிந்த ஆள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய். அந்த அழுகை எவருக்கும் அந்நியம் இல்லை. அதற்கு எதிராக வந்த அதிகாரப் பேச்சு எவ்வளவு நீளமாக இருந்தாலும் எடுபடாது. கருணாபுரத்தில் தெரிந்த ஆள், சாராயம் விற்றவர். பல காலமாகப் பக்கத்திலேயே விற்றவர், கடன் கொடுத்தவர், முகம் பார்த்துப் பேசியவர். நேற்று வரை ஒன்றும் ஆகாத சரக்கு இன்று ஆளைக் கொல்லும் என்பதுதான் அங்கே நம்பக் கடினமான செய்தி. அதிகாரியின் மறுப்பு, ஊர் ஏற்கெனவே நம்ப விரும்பியதோடு ஒத்துப்போனதால்தான் எடுபட்டது. அரசின் சொல் இரண்டு இடத்திலும் தன் சொந்த பலத்தில் நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு செய்திக்கு எடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது புரியும். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது அழைப்பே ஆகாது. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வைத்து, வீட்டுப் பெரியவர் பெயரைச் சொல்லி, 'குடும்பத்தோட வந்துடணும்' என்று நேரில் சொன்னால்தான் அழைப்பு. வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்புகிறவர்களும் 'இதையே நேரில் அழைத்ததாக ஏற்று' என்று ஒரு வரி சேர்க்காமல் விடுவதில்லை. சாவுச் சேதி இன்னும் கண்டிப்பானது. வட மாவட்டங்களில் ஒரு தலைமுறைக்கு முன்வரை சேதி சொல்ல ஆள் போவார். வாசலில் நின்று யார், எப்போது, எடுப்பது எத்தனை மணிக்கு என்று மூன்றே விஷயம் சொல்வார். 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் திரும்புவார். சொல்லாமல் விடப்பட்ட பங்காளி சாவுக்கு வராமல் நின்றால் அது ஊர்ப் பஞ்சாயத்து வரை போகும். அவருக்குச் செய்தி தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் முறைப்படி யாரும் வந்து சொல்லவில்லை. தெரிவது வேறு, சொல்லப்படுவது வேறு என்று இந்தச் சமூகம் வைத்திருக்கிறது.

அந்தச் சேதி சொல்பவர் பெரும்பாலும் பறையர் சமூகத்தவராக இருந்தார் என்பதை மறைத்து இந்த வழக்கத்தைப் புகழ முடியாது. அரசு அறிவிப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. வரி கட்ட வேண்டிய கடைசி நாள், ஏலம், ஏரி மதகு திறப்பு, எல்லாம் தண்டோரா. நாற்சந்தியில் பறையை முழக்கிச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட வேண்டும். சொல்கிறவருக்கு உத்தரவில் பங்கு கிடையாது, கேட்கிறவர் அவரிடம் விளக்கம் கேட்க முடியாது. ஊரில் மிகத் தாழ்த்தி வைக்கப்பட்ட மனிதரின் வாயால் மிக உயர்ந்த அதிகாரத்தின் ஆணை வரும். அந்த அமைப்பே பதில் கேள்வியைத் தடுத்துவிடுகிறது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடுவதை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். காலம் கடந்து வந்த நல்ல உத்தரவு அது. பறை போனது. பதில் சொல்லாமல் நகர்ந்துவிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆட்டோவில் கட்டிய குழாய் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தெருவைக் கடக்கிறது. திண்ணையிலிருந்து ஒருவர் 'எந்தக் கடைச் சரக்கு, என்னைக்கு வாங்கினது?' என்று கேட்டால் நிறுத்திப் பதில் சொல்ல அதில் ஆள் இல்லை.

பதில் கேள்வி கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. அது வேறு இடத்தில் வளர்ந்தது. சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எளிய பேச்சுநடையைத் தலைப்புக்குக் கொண்டுவந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்த நடை எங்கே வேலை செய்தது என்பதுதான் முக்கியம். டீக்கடை பெஞ்சில் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள். கேட்பவர்கள் சும்மா இருப்பதில்லை. 'அந்த ஊர்ல ஏது ரெண்டு கிணறு?' என்பார் ஒருவர். அந்த ஊரில் பெண் எடுத்த இன்னொருவர் ஆமாம் என்பார், இல்லை என்பார். அச்சில் வந்த செய்தி அந்த பெஞ்சில் ஒரு முறை விசாரிக்கப்பட்டுத்தான் ஊருக்குள் போகும். தமிழில் வாசிப்பு நெடுங்காலம் கூட்டாக, குரலெடுத்து நடந்ததையும் மௌன வாசிப்பு பிறகு வந்ததையும் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' நூலில் ஆராய்ந்திருக்கிறார். நாவலுக்குச் சொன்னது செய்தித்தாளுக்கு இன்னும் பொருந்தும். இன்று ஊரில் அந்த பெஞ்ச் இருக்கிறது, பேப்பரும் வருகிறது. தலைகள்தான் தனித்தனிச் செல்போனுக்குள் குனிந்திருக்கின்றன.

வாட்ஸ்அப் செய்தி ஏன் இவ்வளவு சுலபமாக நம்பப்படுகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. மச்சான் அனுப்புகிறார், கூடப் படித்தவன் அனுப்புகிறான், நாத்தனார் அனுப்புகிறார். கையில் தருகிறவர் தெரிந்தவர், எழுதியவர் யாரென்றே தெரியாது. நேரில் சொன்ன காலத்தில் இந்த இரண்டும் ஒரே ஆள். தவறான சேதி சொன்னவரை மறுநாள் வழியில் பார்த்து 'என்னய்யா இப்படிச் சொல்லிட்ட' என்று கேட்கலாம். இப்போது தெரிந்தவரின் நம்பகத்தை எடுத்துக்கொண்டு தெரியாதவரின் பேச்சு வீட்டுக்குள் நுழைகிறது. நூற்றாண்டுகளாக நமக்குப் பயன்பட்ட ஒரு அளவுகோலை இந்தத் தொழில்நுட்பம் அப்படியே ஏமாற்றிவிட்டது.

2018 மே 9 அன்று நடந்ததைத் திருவண்ணாமலை மாவட்டம் மறக்காது. போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. காரிலிருந்த வயதான அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அந்தப் பக்கம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் அந்த அம்மாவை அடித்தே கொன்றது, உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். குழந்தைக்குத் தின்பண்டம் கொடுப்பது நம் வழக்கத்தில் அன்பின் அடையாளம். செல்போனில் வந்த ஒரு பொய் அதைச் சாட்சியாக மாற்றிவிட்டது. இந்தியாவில் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இங்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது.

வதந்தியைப் பற்றி 1947இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் போஸ்ட்மேனும், விஷயம் முக்கியமானதாகவும் அதைப் பற்றிய தெளிவு குறைவாகவும் இருக்கும் இடத்தில் வதந்தி பெருகும் என்றார்கள். அதற்கும் முன்பே, 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளைத் திரட்டி ஜமுனா பிரசாத் என்ற இந்திய ஆய்வாளர் எழுதினார். இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வகைப் பேச்சுகளே அங்கே மிகுந்திருந்தன. ஆறுதல் தரும் வதந்தியைவிட அச்சம் தரும் வதந்தி பரவியது ஏன்? மக்கள் ஏற்கெனவே பயந்திருந்தார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் தேவைப்பட்டது. கனியாமூரை இந்த இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன். ஜூலை 13க்கும் 17க்கும் இடையில் நான்கு நாட்கள் இருந்தன. பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு, அவர்கள் நம்பும் ஒருவர், அவர்கள் வாசலில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டிய நாட்கள் அவை. அந்தக் காலி இடத்தில்தான் வாட்ஸ்அப் குழுக்கள் முளைத்தன. தீ வைத்தவர்களின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. ஆனால் குற்றவழக்கு மட்டுமே போட்டுவிட்டு அந்த நான்கு நாட்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் அடுத்த ஊரில் இது திரும்ப நடக்கும்.

அரசின் சொல் எடுபடாத இன்னொரு இடம் இதே மாவட்டத்தில் உண்டு. இனி மேலே, மலைக்குப் போவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிச் சாலை ஏறுகிறது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடக்கில் சின்னக் கல்வராயன், தெற்கில் பெரிய கல்வராயன். வெள்ளிமலை ஒன்றியத் தலைமையிடம், மலையின் மறுபக்கம் கருமந்துறை சேலம் மாவட்டத்தில் வரும். சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும், காட்டில் கடுக்காய் கிடைக்கும். இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகவும், அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்ததாகவும், தங்கள் தெய்வம் கரியராமன் அவர்களோடு வந்ததாகவும் சொல்கிறார்கள். 1909இல் வெளிவந்த, ஆங்கிலேய ஆய்வாளர் தர்ஸ்டனின் நூலிலும் இந்தக் கதை உண்டு. பெரியண்ணன் எந்த மலைக்குப் போனார், சின்னண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். ஏடுகளைத் தேடுபவருக்கு இது குழப்பம். வாய்வழி வாழும் சமூகத்தில் இதுவே ஒழுங்கு. கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை ஆகியவற்றில் சிதறி வாழும் மக்கள் தாங்கள் ஒருவருக்கொருவர் பங்காளிகள், யாரிடம் பெண் எடுக்கலாம், யார் பேச்சு யாரைக் கட்டும் என்ற தகவலை இந்தக் கதையில்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஊர்க்கவுண்டரும் மூப்பனும் கூட்டத்தில் சொல்வது செல்லுபடியாவதும் இந்த உறவுக் கணக்கால்தான்.

இந்த மலைக்கு அரசு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே எந்த அரசு அறிவிப்பும் ஏன் காதில் ஏறுவதில்லை என்பது விளங்காது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகியோர் பெயரிலான மூன்று ஜாகீர்களாக இந்த மலை இருந்தது. நாடு விடுதலை பெற்றது 1947இல், ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். கல்வராயன் மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது 1976இல். மக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1996இல்தான் என்ற விவரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. கருணாபுரச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இந்த மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, குடும்ப அட்டை, எல்லாமே அதில் கேள்விகளாயின. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் அந்த மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். 'நேரில்' என்று நீதிமன்றம் சொன்னதை நான் மரியாதைக்கான பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மலையில் அது ஒரு நிர்வாகத் தேவை.

ஏனென்றால் இந்த மலை மக்களுக்கு அரசு இதுவரை அதிகம் காட்டிய முகம் வனத்துறைக் காவலரும் மதுவிலக்குச் சோதனையும்தான். கல்வராயன் மலைச் சாராய ஊறல்கள் பல பத்தாண்டுகளாகச் செய்தியில் அடிபடுபவை. கடுக்காயும் வெல்லமும் மரப்பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுவது அது. கருணாபுரத்தில் கொன்றது தொழிற்சாலைக்குப் போகும் மெத்தனால், மலையில் காய்ச்சும் பொருளே அல்ல. இருந்தும் சாவுகளுக்குப் பிறகு போலீஸ் படை மலை ஏறியது, ஊறல்கள் அழிக்கப்பட்டன. ஊறலை அழித்தது சட்டப்படி சரிதான். ஆனால் மலை அதை எப்படிக் கேட்டிருக்கும்? கீழே யாரோ செய்த குற்றத்துக்கு மேலே எங்களைத் தேடி வருகிறார்கள் என்றுதான். அடுத்த மாதம் அதே ஜீப் வரும் பாதையில் ஒரு சுகாதாரத்துறை வண்டி வந்து 'எல்லோரும் வாங்க' என்றால், முதலில் ஆண்கள் காட்டுப்பக்கம் நழுவுவார்கள். இதை அறியாமை என்று எழுதும் அலுவலகக் குறிப்புகள்தான் அறியாமை.

சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1931, 32ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானில் எழுத்தறியா விவசாயிகளிடம் ஒரு கேள்வி கேட்டார். பனி மூடிய தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பலர் தாங்கள் அங்கே போனதில்லை, போய்ப் பார்த்தவரைக் கேளுங்கள் என்ற வகையிலேயே பதில் சொன்னார்கள். எழுத்தறிவு இல்லாததால் தருக்கம் வரவில்லை என்று இதைப் படிப்பது வழக்கம். எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. கேட்கும் ஆள் வெளியூர், சொல்லப்படும் செய்தியைச் சரிபார்க்க வழியில்லை, அதை நம்பினால் என்ன விளையும் என்றும் தெரியாது. அந்த நிலையில் 'பார்த்தவரைக் கேள்' என்பது கவனமான மனிதரின் பதில். அத்திமூரில் அந்த விவசாயிகள் இருந்திருந்தால் ஒரு உயிர் பிழைத்திருக்கும்.

தெரிந்த ஆளை நம்பும் பழக்கம் எப்போதும் காப்பாற்றும் என்று சொல்ல வரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த மலையாளிகள். மரம் வெட்ட ஆள் எடுக்கும் மேஸ்திரி இந்த மலைகளுக்குச் செய்தித்தாள் விளம்பரத்தோடு வருவதில்லை. உறவினரோடு, அல்லது போன முறை போய்வந்த பக்கத்து ஊர்க்காரரோடு வருகிறார். வேலை, கூலி, முன்பணம் எல்லாம் வாய் வார்த்தை. அரசு வேலைவாய்ப்பு முகாம் சுவரொட்டியாகப் பேருந்து நிலையச் சுவரில் இருக்கிறது, மேஸ்திரி திண்ணையில் இருக்கிறார். போட்டியில் யார் ஜெயிப்பார் என்று கேட்கவே வேண்டாம்.

இதே மாவட்டத்தில் நல்லவிதமாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் திருவிழா. நாடு முழுவதிலுமிருந்து திருநங்கைகள் வந்து, கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானின் பெயரில் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுக்கிறார்கள். எச்.ஐ.வி. பரவிய காலத்தில், 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவான பிறகு, திருநங்கைகளுக்குச் செய்தி சொல்வது பெரும் சிக்கலாக இருந்தது. அவர்களுக்கு நிரந்தர முகவரி இல்லை, வீட்டார் துரத்தியவர்கள், போலீசைக் கண்டால் ஓடுபவர்கள். துண்டுப்பிரசுரம் யாரிடம் கொடுப்பது? ஆனால் அவர்களுக்குள் குரு, சேலா என்ற உறவு உண்டு. குரு தாய்க்குச் சமம், அவர் சொல்லுக்கு மறுப்பில்லை. திருநங்கைகளே நடத்திய அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் அந்த உறவின் வழியே, அந்தத் திருவிழா நாட்களிலேயே, ஆணுறை, பரிசோதனை, சிகிச்சை பற்றிப் பேசினார்கள். ஆண்டுதோறும் கூவாகத்திலும் விழுப்புரத்திலும் நடந்த அந்த முகாம்களும் மேடைகளும் பின்னாளில் அவர்களுடைய உரிமைப் பேச்சுக்கும் இடமாயின. 2008இல் தமிழக அரசு திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது. வெளியே யாரும் மதிக்காத ஒரு குழுவிடம் செய்தி போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், அந்தக் குழு மதிக்கும் ஆளின் வாயால் அது வந்ததுதான். கேட்டவர்கள் திரும்பக் கேள்வி கேட்கவும் முடிந்தது.

உலகம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவர் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு அழும் சடங்கின் வழியே நோய் பரவியது. கருணாபுரத்தைப் போலவே அங்கும் சாவு வீடுதான் ஆபத்தான இடம். பாதுகாப்பு உடையணிந்த ஆட்கள் வந்து உடலைத் தூக்கிச் சென்றார்கள். ஊர்கள் பிணங்களை ஒளித்தன. செப்டம்பரில் கினியாவின் வோமே என்ற ஊரில், விழிப்புணர்வுக்குப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிமுறை வெளியிட்டது. குடும்பத்தாரிடம் முதலில் பேசுவது, மதப் பெரியவரைக் கூட வைத்துக்கொள்வது, தொடாமல் செய்யக்கூடிய சடங்குகளுக்கு இடம் விடுவது என்று அது மாறியது. மருத்துவ உண்மை முன்பும் அதேதான், பின்பும் அதேதான். சொல்லும் ஆளும் முறையும் மாறியபோது மக்கள் கேட்டார்கள்.

பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1976இல், சில சமூகங்களில் பொருள் பெரும்பாலும் சூழலிலும் உறவிலும் பொதிந்திருக்கிறது, சிலவற்றில் சொல்லப்பட்ட சொற்களிலேயே இருக்கிறது என்று பிரித்தார். பயனுள்ள பிரிவுதான். ஆனால் 'இவர்கள் பண்பாடு இப்படி' என்று சொல்லிவிட்டால் அதிகாரிகளின் பொறுப்பு காணாமல் போய்விடும். கருணாபுரம் நகரத்தின் நடுவில் இருக்கிறது. முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில்தான் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் சாராயம் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அறிகுறிகள் தெரிந்தவை, மருந்து தெரிந்தது. 2024 நவம்பர் 20 அன்று வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட அளவுக்கு நிர்வாகத்தின் மீது நம்பிக்கை குலைந்திருந்தது. இதில் மக்களின் பண்பாட்டுக்குப் பங்கு உண்டென்றால், உறுதியாகத் தெரியாததை மறுத்துப் பேசிப் பதற்றம் தணிக்கும் அலுவலகப் பண்பாட்டுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. பதற்றம் வரக் கூடாது என்பதே அங்கே முதல் கவலையாக இருந்தது. அன்று காலை கருணாபுரம் பதறியிருக்க வேண்டும். பதறி ஓடியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

ஆகவே இந்த மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஆபத்து நேரத்தில் உறுதியாகத் தெரியாததை 'இல்லை' என்று சொல்லாதீர்கள். 'இன்னும் தெரியவில்லை, ஆனால் நேற்றிலிருந்து குடித்த எல்லோரும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வழக்குப் போட மாட்டோம்' என்று சொல்லுங்கள். அதைத் தெருவுக்குத் தெரிந்த செவிலியர், சத்துணவு அமைப்பாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் வாயால் வீடு வீடாகச் சொல்லுங்கள். அவர்களை அந்த ஒரு நாளுக்கு மட்டும் தேடாதீர்கள். ஆண்டு முழுவதும் அவர்கள் கொண்டுவரும் சேதிக்கும் காது கொடுங்கள். கல்வராயன் மலை ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்க வேண்டும். அங்கே தீர்மானத்தைப் படித்துக் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், ஊர்க்கவுண்டரும் பெண்களும் கேட்கும் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல அதிகாரமுள்ள ஒருவரை உட்கார வையுங்கள். கருணாபுரச் சாவுகள் குறித்த விசாரணைகளில் தெரியவந்த எல்லாவற்றையும், தாளில் மட்டும் வெளியிட்டுவிடாமல், கருணாபுரத்துத் தெருவில் அந்தக் குடும்பங்களின் முன்னால் ஒருவர் நின்று தமிழில் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். படித்து முடித்த பிறகு, அவர்கள் கேட்டு முடிக்கும் வரை அவர் அங்கே இருக்க வேண்டும்.